ப்ளஸ் டூ முடிந்தது, காலேஜில் என் பொண்ணுக்காக யார் பேசுவது?

கோபி அம்மா:

வணக்கம்ங்க. நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் பொண்ணுக்கு மூன்று வயதிலிருந்து இரண்டு காதிலும் மிஷின். தமிழ் மீடியத்தில் படித்து ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். இப்போது கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பி.காம் சீட் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில்தான் இருக்கப் போகிறாள். காலேஜ் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இதுவரைக்கும் அவளுக்காக எல்லாம் நான்தான் பேசினேன். ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே போய், பாப்பாவை முன் பெஞ்சில் உட்கார வையுங்க, போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லாதீங்க என்று ஒவ்வொரு டீச்சரிடமும் சொல்லிவிட்டு வருவேன். பப்ளிக் எக்ஸாமுக்குக் கூடுதல் நேரம் கேட்டது, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு வாங்கியது எல்லாம் நானும் ஸ்கூலுக்கு வருகிற சிறப்பாசிரியரும் அலைந்து பார்த்துக்கொண்டோம். நாங்கள் சொன்ன இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

இப்போது என்னடா என்றால், "அம்மா, அங்க யாருக்கும் தெரிய வேண்டாம், முடியை விட்டு மிஷினை மறைச்சுக்கறேன், நீ வந்து யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே" என்கிறாள். ரெண்டு நாளாக இதே பேச்சுதான், சோறு கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. வருகிற ஒரம்பரை எல்லாம், காது கேட்காத புள்ளையை எதுக்கு அத்தனை தூரம் அனுப்பறீங்க, உள்ளூரிலேயே ஏதாவது படிக்க வையுங்க என்கிறார்கள். அதற்கெல்லாம் நான் காது கொடுக்கவில்லை, அவள் போகத்தான் வேண்டும். ஆனால் யாரிடமும் சொல்லாமல் அவள் அங்கே எப்படிச் சமாளிப்பாள்? நானே ஒரு நடை போய் எச்.ஓ.டியை, அதாவது துறைத் தலைவரை, பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடட்டுமா, அவளுக்குத் தெரியாமல்? இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

அக்கா, தெரியாமல் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அது அவளுக்கு ஒரு நாள் தெரியவரும், அப்புறம் உங்களிடம்கூட எதையும் சொல்ல மாட்டாள்.

உங்கள் பொண்ணு சொல்வதையே பத்து வருடத்துக்கு முன்னால் நானும் எங்கள் அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் இரண்டு காதிலும் மிஷின்தான், இப்போது ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் செமஸ்டரை அப்படியே எழுதுகிறேன், அவளையே படிக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் எழுபது பேர், மேலே வரிசையாக ஃபேன். மிஷினுக்கு வாத்தியார் குரலும் ஃபேன் சத்தமும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். அதனால் பாதியை நான் உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பேன். அதிலும் பாருங்கள், 'பில்' என்றாலும் 'மில்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், முன்னால் என்ன பேச்சு ஓடியது என்று தெரிந்தால்தான் இது பில்லா மில்லா என்று புரியும். அவர் போர்டுப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அந்த வரிகளுக்கு விளக்கமே எனக்குக் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் நானும் சிரிப்பேன், வாத்தியார் என்னைப் பார்த்து "புரிஞ்சுதா?" என்றால் தலையை ஆட்டிவிடுவேன். நாள் முழுவதும் இப்படி உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் பொழுதோட ரூமுக்கு வந்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும், எட்டு மணிக்கே படுத்துவிடுவேன். படிப்பது எங்கே?

அட்டெண்டன்ஸ்தான் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது. எடுக்கிறவர் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே நம்பரைக் கடகடவென்று கூப்பிடுவார், என் நம்பர் வருவது பல நாள் எனக்குக் கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன் அக்கா! செமஸ்டர் முடிகிற நேரத்தில் 75 சதவீதம் இல்லாதவர்கள் லிஸ்ட் ஒட்டினார்கள், அதில் என் பெயர். எச்.ஓ.டி ரூமில் போய், தினமும் வந்தேன் சார் என்றால், "வந்தேங்கற, அப்புறம் கூப்பிட்டப்ப ஏன் பதில் சொல்லல?" என்று கேட்டார். அதற்காகவே வளர்த்த முடியை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒதுக்கிக் காட்டினேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அடுத்த செமஸ்டரிலிருந்து ஒவ்வொரு பேப்பருக்கும் புது வாத்தியார் வந்த முதல் நாள் போய், "சார், நான் காது மிஷின் போட்டிருக்கேன். நீங்க என்னைப் பார்த்துப் பேசினா எனக்குப் புரியும். அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒரு தடவை என் பக்கம் பாருங்க, நான் கையைத் தூக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். கால் நிமிடம்கூட ஆகாது. வெறுமனே 'எனக்குக் காது கேட்காது' என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதில் பலன் இல்லை. ஒன்று கத்திப் பேசுவார்கள், இல்லையென்றால் நம்மை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் செய்வார்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே செய்வார்கள். முதல் தடவை சொல்லும்போது எனக்கு வாய் குழறியது, அதனால் எங்கள் அமுச்சி (பாட்டி) முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அமுச்சிக்கும் காது மந்தம், அது புரிந்ததென்று தலையசைத்தால் சரி என்று அர்த்தம்.

இன்னொன்று, பாட்டரி. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 நம்பர் போடுகிறாளா, எதுவோ, ஒரு அட்டை எப்போதும் பேனா பவுச்சிலேயே இருக்கட்டும். நடு வகுப்பில் பீப் அடித்துச் செத்தால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாற்றப் பழகட்டும். நான் ஆறு மாதம் பாத்ரூமுக்கு ஓடி ஓடி மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடப் பாடம் போனது.

கோவை உதவிப் பேராசிரியர்:

நான் கற்பிக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன் அம்மா. நீங்கள் ஒரு நடை வந்து எச்.ஓ.டியிடம் சொல்வதால் தப்பில்லை, ஆனால் அந்தப் பேச்சு அந்த ரூமைத் தாண்டாது. அப்ளிகேஷனில் மாற்றுத்திறனாளி என்று நீங்கள் டிக் செய்த காகிதம் அட்மிஷன் ஆபீஸ் ஃபைலில் தூங்கும், வகுப்புக்கு வருகிற எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு பேர் பாடம் எடுப்போம், அடுத்த செமஸ்டரில் ஆட்கள் மாறிவிடுவார்கள். பள்ளிக்கூடம் மாதிரி ஒரே கிளாஸ் டீச்சர் எல்லாம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஆறு செமஸ்டர், ஒவ்வொரு தடவையும் நீங்கள் அவிநாசி வழியாக பஸ் ஏறி வர முடியுமா? அவள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், என் வகுப்பில் இப்படி ஒரு பெண் இருந்தாள். முதல் நாளே வந்து சொன்னாள், நானும் சரி என்றேன், மறுநாளே போர்டைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டேன். பழக்கம் அப்படி. இரண்டு வாரம் கழித்து வராண்டாவில் என்னை நிறுத்தி, "சார், நீங்க திரும்பறப்ப எனக்குப் பாடம் நின்னுருது, நான் பேனாவைத் தூக்கிக் காட்டட்டுங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் முன் பெஞ்சில் அந்தப் பேனா எழுந்தால் நான் திரும்புவேன். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது, அந்தப் பெண்மேல் பெரிய மரியாதை வந்தது. ஆகவே பாப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு தடவை சொல்லி நடக்கவில்லை என்றால் ஆள் கெட்டவர் என்று அர்த்தமில்லை, இரண்டாவது தடவையும் சொல்லலாம், மூன்றாவது தடவையும் சொல்லலாம்.

பரீட்சை விஷயம் தனி. ப்ளஸ் டூவுக்கு வாங்கிய உத்தரவு இங்கே தானாகத் தொடராது, காலேஜில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தானே பரீட்சை நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆபீஸ் உள்ளேயே இருக்கும், இல்லையென்றால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். முதல் இன்டர்னல் டெஸ்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிடட்டும். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், சமீபத்தில் எடுத்த ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்கிற பரிசோதனை அறிக்கை), ப்ளஸ் டூ சலுகை உத்தரவின் நகல், மூன்றும் ஒரு ஃபைலில் அவள் கையில் இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் இல்லை.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. பேசுவதை அப்படியே எழுத்தாகத் திரையில் காட்டுகிற லைவ் டிரான்ஸ்கிரைப் என்கிற ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம், தமிழும் வரும். கணக்குப் பாடத்தில் அங்கங்கே தப்பாக எழுதும், இருந்தாலும் உதவும். ஆனால் பல காலேஜில் வகுப்பில் போன் எடுக்கக் கூடாது. முன்கூட்டியே எச்.ஓ.டியிடம் எழுதி அனுமதி வாங்கிவிட்டால் யாரும் பிடுங்க மாட்டார்கள்.

ஈரோடு அக்கா:

சார் சொன்னதும் தம்பி சொன்னதும் சரிதான், ஆனால் வாயால் கேட்பதோடு நிறுத்தினால் நடக்காது என்பது என் அனுபவம். எனக்குப் பார்வை குறைவு, பி.ஏ படிக்கும்போது பரீட்சைக்கு நான் சொல்வதை எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். "பாத்துக்கலாம்மா" என்றார்கள். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போனால் பரீட்சை அன்றைக்கு ஆள் இல்லை. ஹாலில் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், சுற்றிலும் எல்லோரும் எழுதுகிற பேனாச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் யாரையோ பிடித்துக் கூட்டிவந்தார்கள், போன நேரத்தைத் திருப்பித் தரவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதற்கப்புறம் எது கேட்டாலும் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போவேன். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு கையெழுத்து வாங்குவேன். முகம் சுளிப்பார்கள், சுளித்துக்கொண்டே போடுவார்கள்.

கண்ணு, இது உனக்குத்தான். லெட்டரில் 'கருணை கூர்ந்து' என்று எழுதாதே. நமக்கு லெட்டர் என்றாலே அந்த வார்த்தை தானாக வந்துவிடும், எழுதியிருந்தால் அடித்துவிடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒரு சட்டம் இருக்கிறது, அதில் 17ஆவது பிரிவில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாவது மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு எல்லாம் பெயர் சொல்லி வருகிறது. எத்தனை நேரம் என்பதற்கு மத்திய அரசு எழுத்துத் தேர்வுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டு, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்று அதில் இருக்கிறது, மூன்று மணிப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம். 'மேற்படி சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி கூடுதல் நேரம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரே வரி போதும்.

காது விஷயத்தில் ஒன்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளில் தப்பு இருந்தால் ஒருவர் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார், ஏழாவது கேள்வியில் இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று. உனக்கு அது வராது. திருத்தம் எதுவாக இருந்தாலும் எழுதிக் காட்ட வேண்டும் என்று அதே லெட்டரில் சேர்த்துவிடு.

கொடுத்தும் நடக்கவில்லை என்றால் முதல்வர், அதற்கும் மேலே கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். அங்கே போக வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வழி தெரிந்தவள் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

கோபி அக்கா, நீங்கள் முதல் நாள் கூடப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எச்.ஓ.டி ரூம் வாசல் வரைக்கும் போய், வெளியே இருக்கிற பெஞ்சில் உட்காருங்கள். உள்ளே அவள் மட்டும் போகட்டும். நீங்கள் உள்ளே இருந்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், அவள் பக்கம் திரும்பவே மாட்டார். எங்கள் அம்மாவோடு போகிறபோதெல்லாம் "பாப்பா என்ன படிக்கிறா?" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம்தான் கேட்பார்கள். இருபது வயதில் அது எவ்வளவு வலிக்கும் தெரியுமா?

பொள்ளாச்சி அப்பா:

என் மகன் வீல்சேர். முதல் வருடம் அவன் வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. நான் தினமும் தூக்கிக்கொண்டு போய் விட்டேன், அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். மூன்றாவது மாதம் அவனே முதல்வருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான், எங்கள் வகுப்பைக் கீழே மாற்றுங்கள் என்று. ஒரே வாரத்தில் மொத்த வகுப்பும் தரைத்தளத்துக்கு வந்தது. இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க தூக்கிட்டே இருந்தீங்கப்பா, அப்ப எப்படி யாருக்காவது தெரியும்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

கோபி அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. தம்பி எழுதியதை அவளிடம் போனோடு கொடுத்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆன இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தாளாம். "எட்டாவதுல எனக்கும் இப்படி ஆச்சும்மா, உன்கிட்டச் சொல்லல" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாதுங்க அது. நான் எல்லா டீச்சரிடமும் போய்ப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ரேஷன் கடைக்கு அவளைத் தனியாக அனுப்பினேன். கடைக்காரர் குனிந்துகொண்டே ஏதோ சொன்னாராம், இவள், "அண்ணா, என்னைப் பார்த்துச் சொல்லுங்க, மிஷின் போட்டிருக்கேன்" என்றாளாம். அவர் நிமிர்ந்து, சர்க்கரை நாளைக்குத்தான் வரும் என்று நிதானமாகச் சொன்னாராம். இதை வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முடியை மட்டும் இன்னும் விட்டுத்தான் இருக்கிறாள், அதை நான் கேட்கவில்லை, அது அவள் இஷ்டம்.

பொள்ளாச்சி அண்ணா எழுதியது எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

அவளே ஏதோ கேட்க வேண்டும் என்கிறாள், கீழே அவள் எழுதுகிறாள்.

அண்ணா, அக்கா, சார், நான்தான் எழுதுகிறேன். லெட்டர் எழுதிவிட்டேன், முதலில் 'கருணை கூர்ந்து' என்றுதான் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். வகுப்பில் சொல்ல வேண்டியதை அப்பாருகிட்ட (தாத்தாவிடம்) சொல்லிப் பார்த்தேன், ரெண்டு தடவை நடுவில் மறந்துவிட்டது, இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு வகுப்பைவிட ஹாஸ்டல்தான் பயமாக இருக்கிறது. ராத்திரி மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டால் எனக்கு ஒன்றுமே கேட்காது, கதவைத் தட்டினாலும் தெரியாது. கூட இருக்கப்போகிற பிள்ளைகளை நான் இன்னும் பார்க்கவே இல்லை. முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டுமா, கொஞ்சம் பழகிவிட்டுச் சொல்லலாமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடு அம்மிணி, படுக்கிறதுக்கு முன்னால், மிஷினைக் கழற்றுகிறபோதே. டப்பாவைக் காட்டி, "இதை எடுத்துட்டா எனக்குக் கேக்காது. எழுப்பணும்னா லைட்டைப் போடுங்க, இல்ல தோளைத் தொடுங்க. ஏதாவது அவசரம்னு எல்லாரும் ஓடினா என்னை விட்டுட்டு ஓடிராதீங்க" என்று சொல். என் ரூமில் இதைச் சொன்னபோது மூன்று பேரும் மிஷினைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், ஒருத்தன் காதில் வைத்துப் பார்த்தான். அதோடு முடிந்தது. அவர்களில் ஒருத்தன்தான் மூன்று வருடமும் காலையில் என் காலைப் பிடித்து ஆட்டி எழுப்பினான், இன்றைக்கும் அவிநாசியில்தான் இருக்கிறான்.

அலாரத்துக்கு போனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வை. வார்டனிடமும் அவசரம் என்றால் ஆள் அனுப்பி எழுப்ப வேண்டும் என்று தனியாக ஒரு லெட்டர் கொடு, ஈரோடு அக்கா சொன்ன மாதிரி இரண்டு பிரதி. வியர்வைக்கு மிஷின் சீக்கிரம் கெடும், அந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். முதல் வாரம் முடிந்ததும் இங்கே வந்து எழுது, எந்த வாத்தியார் திரும்பினார், எவர் திரும்பவில்லை என்று. திரும்பாதவரிடம் ரெண்டாவது தடவை என்ன சொல்வது என்று பார்க்கலாம்.